டாக்டர் கேட்ட ஒரு கேள்வி

என் இளையவள் பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கையில் கட்டி ஒன்று பழுத்து, ஜுரமும் வந்துவிட்டது. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு டாக்டரிடம் போனேன். கட்டியைப் பார்த்துக் கொண்டே, “ஆர் யூ நர்ஸிங்?” என்றார்.

“நோ டாக்டர்” என்றேன். பத்தாவது வரை படித்த என்னைப் பார்த்து நர்ஸா என்று கேட்கிறாரே என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு!

மருந்துக்கடை எங்கள் தெருவில்தான். சீட்டைப் பார்த்த கடைக்காரர் நிமிர்ந்தார். “ஏம்மா, குழந்தைக்குப் பால் குடுக்கிறீங்கதானே? இதைச் சாப்பிடலாமான்னு டாக்டரை ஒரு தடவை கேட்டுட்டு வந்துடுங்க.”

திரும்பிப் போனேன். “பால் குடுக்கிறீங்களான்னு கேட்டேனே, இல்லைன்னீங்களே!” என்று டாக்டர் சீட்டைக் கிழித்துவிட்டு வேறு மாத்திரை எழுதினார். வீடு வந்து குழந்தையைத் தூக்கியதும் அழுகையே வந்துவிட்டது.

அன்று ராத்திரி அகராதியை எடுத்தவள்தான், இன்றுவரை அந்தச் சொல்லை விடவில்லை. லத்தீன் மொழியில் ‘நூட்ரீரே’ என்றால் பாலூட்டு, ஊட்டி வளர் என்று அர்த்தமாம். அது பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்திருக்கிறது. ‘நரிஷ்’, ‘நியூட்ரிஷன்’, ‘நர்சரி’ எல்லாமே அதன் வயிற்றுப் பிள்ளைகள்தான். முதலில் நர்ஸ் என்றால் பிறர் குழந்தைக்குப் பால் கொடுத்து வளர்ப்பவள். நோயாளியைக் கவனிப்பவள் என்பது பின்னால் வந்த பொருள். ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’டில் வரும் நர்ஸ் ஊசி போடுபவள் இல்லை, ஜூலியட்டுக்குப் பால் கொடுத்தவள்!

நம் தமிழிலும் இதே கதைதான். சங்கப் பாட்டில் வரும் செவிலித்தாய் தலைவியை வளர்த்தவள். இன்று ஆஸ்பத்திரிப் பலகையில் ‘செவிலியர்’ என்றால் நர்ஸம்மா. எங்கேயோ இருக்கும் இரண்டு மொழிகள் எப்படி ஒரே வழியில் நடந்தன பாருங்கள்!

வெள்ளைக்காரர்கள் இந்தச் சொல்லை எதற்குத்தான் விட்டார்கள்? அடிபட்ட காலைப் பார்த்துக்கொள்வதும் நர்ஸ் பண்ணுவதுதான். ஒரு கோப்பை பானத்தை மணிக்கணக்கில் கையில் வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகக் குடித்தாலும் அதே சொல். மனசுக்குள் பகையை வைத்து வளர்ப்பதற்கும் அதுவேதான். நாம் பாம்புக்குப் பால் வார்ப்பது என்போமே, கிட்டத்தட்ட அதுதான்! இன்னொன்று: நம் ஊரில் ‘நர்ஸிங் ஹோம்’ என்றால் தனியார் ஆஸ்பத்திரி. இங்கிலாந்து, அமெரிக்காவிலோ பெரும்பாலும் முதியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம்.

போன மாதம் நாத்தனார் மகளுக்கு உடம்பு சரியில்லை என்று கூட்டிப் போனேன். கைக்குழந்தைக்காரி. டாக்டர் வாயைத் திறப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன்: “குழந்தைக்குப் பால் குடுக்கிறா, டாக்டர்.”