7½ தலை, 9 தலை, 12,500 ரூபாய்

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் ஒரு வீட்டில் பெரியவர் காலமாகிவிட்டால், மாலை போட ஒரு படம் தேடுவார்கள். பல வீடுகளில் கிடைப்பது ஒரே ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம்: 35 மி.மீ. அகலம், 45 மி.மீ. உயரம். அதில் முகம் 3 செ.மீ. இருந்தாலே பெரிது. அதைப் பார்த்து ஓவியர் 24 செ.மீ. முகம் வரைய வேண்டும். 8 மடங்கு. சின்னப் படத்தில் உதட்டோரத்தை அரை மி.மீ. தள்ளிப் பார்த்துவிட்டால் பெரிய படத்தில் அது 4 மி.மீ. பிசகு. "எங்கப்பா மாதிரியே இல்லையே" என்று மகள் சொல்ல அந்த 4 மி.மீ. போதும்.

உருவப்பட ஓவியரின் தொழில் முழுக்க இப்படிப்பட்ட கணக்குதான். கண் இருப்பது தலையின் சரிபாதியில். புதிதாக வரைபவர்கள் எல்லோரும் அதை மேலே ஏற்றிவிடுவார்கள். முகத்தின் அகலம் சுமார் 5 கண். நிற்கும் உடல் சுமார் 7½ தலை.

அதே ஓவியர் ஃபேஷன் ஓவியம் கற்றுத்தரப் போனால் இந்தக் கடைசி எண்ணைத் தானே உடைக்க வேண்டும். அங்கே உடல் 9 தலை; சிலர் 10 வரை போவார்கள். 160 செ.மீ. உயரப் பெண்ணுக்கு ஒரு தலை சுமார் 21 செ.மீ. கூடுதலாக 1½ தலை என்றால் 32 செ.மீ. அவள் தாளில் 192 செ.மீ. ஆகிறாள். கூடிய உயரத்தில் பெரும்பகுதி காலுக்குப் போகிறது, துணி விழுகிற அழகு தெரிவதற்காக. இந்தப் படத்தை அளவாக வைத்துத் தையற்காரர் துணி வெட்ட முடியாது. அதற்கு அளவு குறித்த வரைபடம் தனியாக வேண்டும்.

இப்படி நீட்டுவது மேல்நாட்டுப் பழக்கம் என்று ஒதுக்க நமக்கு உரிமை இல்லை. சுவாமிமலைச் சிற்பிகள் ஓலையை மடித்துக் குறிக்கும் தாளக் கணக்கில் 12 அங்குலம் (இஞ்ச் அல்ல, உருவத்துக்கேற்ற பங்கு) ஒரு தாளம். நவதாளம் 108 அங்குலம். உத்தம தசதாளம் 124. அவர்கள் அளப்பது முகத்தை, ஃபேஷன் ஓவியர் அளப்பது முழுத் தலையை. ஆனால் எந்த உருவத்தை எவ்வளவு நீட்டலாம் என்று எண்ணிக்கையில் எழுதிவைத்த மரபு நம்முடையது.

முகமும் உடையும் ஒரே கையில் சேர்ந்த படத்துக்கும் தூரம் போக வேண்டாம். ஒகேனக்கலில் காவிரியைத் தாண்டினால் கர்நாடகம். அங்கே மைசூரு ஜகன்மோகன் அரண்மனையில் ரவிவர்மா 1889 வாக்கில் வரைந்த இசைப் பெண்கள் ஓவியம் இருக்கிறது. 11 பெண்கள், வெவ்வேறு பகுதிகளின் உடைகள். 2008 ஜனவரியில் 39,31,627 ரூபாய்க்கு விற்ற தி சென்னை சில்க்ஸின் 'விவாஹ்' பட்டுச் சேலையில் நெய்திருந்தது இந்த ஓவியத்தைத்தான். அதற்குத் தேவைப்பட்ட ஜக்கார்டு தறிக் கொக்கிகள் 7,440, துளை அட்டைகள் 66,794. தங்கமும் வைரமும் சேர்ந்த விலைதான் அது. ஆனாலும் அத்தனை அட்டைகளும் துளைக்கப்பட்டது, ஒருவர் தூரிகையால் போட்ட கோட்டை நூலில் கொண்டுவர.

இனி, அந்தக் கோட்டைக் கற்றுத்தருகிறவரின் கணக்கு. 6 முதல் 8 வரையான வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக் கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். 2012-இல் தமிழக அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், தையல், உடற்கல்வி முதலிய பாடங்களுக்காக எடுக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேர். வாரம் 3 அரை நாள். மாதம் 5,000 ரூபாய். 12 வருடம் கழித்து, 2024-இல், அது 12,500. மாதத்துக்கு 12 அரை நாள் என்று வைத்தால் ஒன்றுக்கு 1,042 ரூபாய். கேட்கச் சுமாராக இருக்கலாம். ஆனால் அப்போது மே மாதச் சம்பளம் இல்லை. 11 மாதத்துக்கு வந்தது 1,37,500. ஒரு குடும்பம் இதில் வருடத்தை ஓட்டுவது எப்படி? மிச்ச நாட்களில் அவர் கல்யாண வரவேற்புப் பலகையும் கடைப் பெயரும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பிள்ளையின் பக்கமும் பார்ப்போம். 1850-இல் தொடங்கிய சென்னை எழும்பூர் ஓவியப் பள்ளி இன்று அரசு கவின்கலைக் கல்லூரி. பட்டப்படிப்பு 4 வருடம். சென்னை நிஃப்ட் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கழகம்) 1995-இல் வந்தது. அங்கும் வடிவமைப்புப் பட்டம் 4 வருடம். இரண்டிலும் சேர வரைந்து காட்ட வேண்டும். நிஃப்டின் படைப்பாற்றல் தேர்வு மட்டும் 3 மணி நேரம். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 68.5 சதவீதமாக, மாநிலத்திலேயே கடைசியாக நின்ற மாவட்டம் தருமபுரி. இங்குள்ள பிள்ளைக்கு அந்த 3 மணி நேரத்துக்குத் தயாராகத் தனிப் பயிற்சி மையம் கட்டுப்படியாகாது. பள்ளியின் ஓவிய ஆசிரியர் ஒருவர்தான் வழி. அவர் 7½ தலையையும் 9 தலையையும் அறிந்தவராக இருந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு இரண்டு கல்லூரிகளின் கதவும் திறக்கும்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது உங்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியர் இருக்கிறாரா, வாரத்துக்கு எத்தனை பாடவேளை என்று கேளுங்கள். மே மாதத்துக்கும் அவருக்கு முழுச் சம்பளம் வேண்டும் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.