கப்பல் பதிவேட்டில் ஊர்ப்பெயர்

நுழையும் முன்

பிழைப்பைத் தேடிக் கடல் கடந்தோர் பலர். அவர்களுள் ஊர் திரும்பாதோர் மிகப் பலர். நான்கைந்து தலைமுறைகள் கடந்த பின்னும் அவர்களின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரின் ஊரைத் தேடுகின்றனர். அத்தேடல் எவ்வாறு நிகழ்கிறது, எங்கே தடைப்படுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கல்லில் எழுதப்படாத பெயர்கள்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டாரத்தில் உள்ள சிற்றூர் காவாந்தண்டலம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் ஊராட்சிக்கு உறுப்பினரைக் குடவோலை வழியாகத் தேர்ந்தெடுத்த நெறிமுறைகளை உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இன்றும் எடுத்துரைக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய செய்தியைக் கல்லில் காத்துவைத்த இவ்வட்டாரத்தில், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஊரைவிட்டுச் சென்ற ஒரு நிலமற்ற தொழிலாளியின் பெயரைக் காண்பது அரிது. அப்பெயர் தென்னாப்பிரிக்காவிலோ மொரீசியசிலோ ஓர் ஆவணக் காப்பகத்தில் இருக்கக்கூடும்.

ஏன் சென்றனர்?

பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1834இல் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டதால், இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து 342 பேருடன் புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அந்நாள் தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர் 1,52,184 பேர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றோர்.

வறுமையே அவர்களைக் கப்பலேற்றியது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாதுவருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோரின் உயிரைப் பறித்தது. ஏரிப் பாசனத்தை நம்பிய செங்கல்பட்டு மாவட்டத்தில் நிலமும் குடியிருப்பு மனையும் இல்லாத ஒடுக்கப்பட்டோர் நெடுங்காலம் பண்ணையாள்களாக உழைத்தனர். அவர்களது நிலையை அம்மாவட்ட ஆட்சியர் திரெமென்கீர் 1891இல் தம் அறிக்கையில் விரிவாகப் பதிவுசெய்தார். கையகல நிலமும் இல்லாதவருக்குக் கடலுக்கு அப்பாலிருந்து கூலி உறுதியளிக்கப்பட்டபோது, அதனை மறுப்பது எளிதாக இருக்கவில்லை.

தொடர்பு அறுந்தது எவ்வாறு?

ஒப்பந்தக் காலம் ஐந்து ஆண்டுகள். அது முடிந்தபின் சிலர் மீண்டும் ஒப்பந்தம் செய்துகொண்டனர். சிலர் சிறு நிலத்தில் காய்கறி பயிரிட்டனர். சிலர் ஊர் திரும்பினர். ஒப்பந்தம் முடிந்து நேட்டாலில் தங்க விரும்பியோர்மீது ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விதிக்க 1895ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. காந்தியடிகளின் தலைமையில் நடந்த போராட்டத்தின் பயனாக 1914இல் அவ்வரி நீங்கியது. அதற்குள் ஒரு தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்துவிட்டது.

சென்றவர்களுள் பெரும்பாலோர் எழுதப் படிக்க அறியாதவர். கடிதம் எழுத அங்கும் ஒருவர் துணை வேண்டும். அதனைப் படித்துச் சொல்ல இங்கும் ஒருவர் துணை வேண்டும். எழுதச் சொன்னவர் இறந்ததும், படிக்கக் கேட்ட தாய் மறைந்ததும் கடிதப் போக்கு நின்றது. பின்னர் பிறந்தோர்க்கு ஊர்ப்பெயர் ஓர் ஒலியாக மட்டுமே எஞ்சியது.

பதிவேடு கூறுவது என்ன?

கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. அவ்வெண்ணுக்கு நேராகப் பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உயரம், உடலிலுள்ள தழும்பு ஆகியவை எழுதப்பட்டன. மொரீசியசில் 1860களிலிருந்து தொழிலாளர்களின் ஒளிப்படங்களும் எடுக்கப்பட்டன. அவை இன்று அந்நாட்டின் மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

தோட்டத்தைவிட்டு ஓடியவரை அடையாளம் காட்டுவதற்கும் இக்குறிப்புகள் உதவின. அன்று ஒருவரைக் கட்டுப்படுத்தத் துணைநின்ற அதே தழும்புக் குறிப்பைக் கொண்டு, இன்று கொள்ளுப்பேரன் தன் முன்னோரின் உருவத்தை மனத்தில் வரைந்துகொள்கிறான்.

> தெரிந்து தெளிவோம்
> மொரீசியசின் தலைநகர் போர்ட் லூயிசில், ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய 'ஆப்பிரவாசி காட்' என்னும் இடத்தை யுனெசுகோ 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

தேடலின் தடைகள்

பதிவேடு கிடைத்தாலும் ஊர் கிடைத்துவிடுவதில்லை. அதற்குக் காரணங்கள் பல.

முதலாவது, எழுத்து. தமிழ்ப் பெயர்களை எழுத்தர்கள் தம் காதில் விழுந்தவாறு ஆங்கிலத்தில் எழுதினர். முனுசாமி 'மூன்சாமி' ஆனார்; கவுண்டர் 'கவுண்டன்' ஆனார். 'காவாந்தண்டலம்' போன்ற நீண்ட ஊர்ப்பெயர் எத்தனை வடிவங்களில் சிதைந்திருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டாவது, எல்லை மாற்றம். அக்காலப் பதிவேட்டில் 'செங்கல்பட்டு' என்று காணப்படும் மாவட்டம் மிகப் பெரியது. காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பகுதிகளும் அதில் அடங்கியிருந்தன. 1997இலும் 2019இலும் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டன. எனவே, இன்றைய செங்கல்பட்டு மாவட்ட வரைபடத்தில் மட்டும் தேடுபவர் காவாந்தண்டலத்தைக் காணமாட்டார்.

மூன்றாவது, மறைத்தல். கடனுக்கோ சாதிக் கொடுமைக்கோ அஞ்சிச் சென்ற சிலர் தம் பெயரையும் சாதியையும் மாற்றிச் சொன்னதுண்டு. பொய்ப்பெயரே அவர்களுக்குப் புதுவாழ்வின் தொடக்கமாயிற்று.

நான்காவது, பதிவின்மை. கங்காணிகள் வழியாக இலங்கைக்கும் மலேயாவுக்கும் சென்ற பெருந்திரளினர் பற்றி, நேட்டால் பதிவேட்டைப் போன்று ஆள்வாரியான விரிவான ஆவணத்தைக் காண்பது அரிது.

இருமுனைத் தேடல்

இத்தடைகளைக் கடந்து வேரைக் கண்டறிந்தோரும் உளர். திரினிதாது நாட்டின் தலைமை அமைச்சராக இருந்த கமலா பெர்சாத் பிசேசர், பீகார் மாநிலத்தில் தம் முன்னோர் வாழ்ந்த பேல்பூர் என்னும் சிற்றூருக்கு 2012இல் வந்தார். புகழ்பெற்றவர்க்கு அரசுகள் துணைநிற்கின்றன. எளிய குடும்பத்தினரோ கையில் ஓர் எண்ணுடனும் சிதைந்த ஓர் ஊர்ப்பெயருடனும் வந்து நிற்கின்றனர்.

அவர்களுக்கு உதவக்கூடிய சான்றுகள் ஊர்களிலேயே உள்ளன. பழைய நில ஆவணங்கள், பத்திரங்கள், கோயில் வரிக் கணக்குகள், தேவாலயப் பதிவேடுகள் ஆகியவை எழுத்துச் சான்றுகள். குலதெய்வத்தின் பெயர், குழந்தைக்குப் பாட்டன் பெயரிடும் வழக்கம், "பெரியவர் ஒருவர் கப்பலேறிப் போனார், திரும்பவில்லை" என்னும் மூத்தோர் பேச்சு ஆகியவை வாய்மொழிச் சான்றுகள். அயல்நாட்டில் வாழும் குடும்பம் மொழியை மறந்திருந்தாலும் குலதெய்வத்தின் பெயரை மறவாதிருப்பதுண்டு. அவ்வொரு பெயரே பல ஊர்களுள் ஓர் ஊரைச் சுட்டிக்காட்டப் போதுமானதாகலாம்.

கடலுக்கு அப்பால் எண் இருக்கிறது. இங்கே நினைவு இருக்கிறது. எண் காப்பகத்தில் நிலைத்திருக்கும்; நினைவோ அதனைச் சுமக்கும் முதியவருடன் மறைந்துவிடும். தம் வீட்டிலிருந்து கடல் கடந்தவர் யார், எப்போது சென்றார், யாரை விட்டுச் சென்றார் என்பதை மூத்தோரிடம் கேட்டு இன்றே எழுதிவைத்தால், என்றோ ஒருநாள் வாயிலில் வந்து நிற்கும் உறவினரிடம் "ஆம், இது உங்கள் ஊர்தான்" என்று சொல்ல ஒருவராவது இருப்பார்.