உஷார்! ‘ஊழியம் கெட்டுப்போகும்’ என்று சொல்லித்தான் வாயை அடைக்கிறார்கள்

இரவு 11.30 மணிக்கு உங்கள் வீட்டுப் பெண்ணின் போனுக்குப் பாஸ்டரிடமிருந்து ஒரு மெசேஜ் வருகிறது. “உனக்காகப் பாரத்தோடு ஜெபித்துக்கொண்டிருக்கிறேன் மகளே, தூங்கிட்டியா?” முதல் பாதியைப் படித்து நெகிழ்ந்துபோகாதீர்கள். அந்தக் கடைசி வார்த்தையை இன்னொரு தடவை படியுங்கள். மந்தையை மேய்க்கிறவருக்கு அந்த நேரத்தில் அந்தக் கேள்வி எதற்கு?

நான் சபைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள். சண்டே ஸ்கூலில் பல வருஷம் பாடம் எடுத்தவள். நல்ல மேய்ப்பர்களையும் பார்த்திருக்கிறேன். மழையில் சைக்கிள் மிதித்து வந்து என் பாட்டியின் படுக்கைக்குப் பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்திருந்த உபதேசியாரை மறக்க முடியுமா? அப்படிப்பட்டவர்களைப் பார்த்து வளர்ந்ததால்தான், மேய்ப்பன் வேஷத்தில் வருகிறவர்களை எங்களால் சீக்கிரம் அடையாளம் காண முடியவில்லை.

ரவி சகரியாஸ் பெயரை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். 1946-ல் சென்னையில் பிறந்தவர், டெல்லியில் வளர்ந்தவர். 17 வயதில் தற்கொலைக்கு முயன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் வேதவசனம் கேட்டு மனந்திரும்பியதாகச் சாட்சி சொன்னவர். 1984-ல் அமெரிக்காவில் தன் பெயரிலேயே ஓர் ஊழியத்தைத் தொடங்கி, உலகத்தின் பெரிய பல்கலைக்கழக மேடைகளிலெல்லாம் விசுவாசத்துக்காக வாதாடினார். எங்கள் வீட்டில் அவர் குரல் முதலில் கேசட்டில் ஒலித்தது, பிறகு சிடியில், பிறகு யூடியூபில். ‘நம்ம ஊரில் பிறந்த பிள்ளை’ என்று அப்பா பெருமைப்படுவார். 2020 மே 19-ல் அவர் புற்றுநோயால் இறந்தபோது, நினைவுக்கூட்டத்தில் அமெரிக்காவின் அன்றைய துணை ஜனாதிபதி மைக் பென்ஸே வந்து பேசினார்.

அடுத்த நான்கு மாதத்தில் பேச்சு மாறியது. அட்லாண்டா பக்கத்தில் அவர் பங்குதாரராக இருந்த மசாஜ் நிலையங்களில் வேலை பார்த்த மூன்று பெண்கள், அவர் தங்களிடம் நடந்துகொண்ட விதத்தைச் சொன்னார்கள். அதை வெளியிட்டது விசுவாசத்தைக் கேலி செய்யும் பத்திரிகை இல்லை, ‘கிறிஸ்டியானிட்டி டுடே’. அவருடைய ஸ்தாபனம் முதலில், நாங்கள் அறிந்த ரவி அப்படிப்பட்டவர் இல்லை என்றது. ஆனாலும் ஒரு சட்ட நிறுவனத்தை நியமித்து விசாரிக்கச் சொன்னது. 2021 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. மசாஜ் செய்யும் பெண்களிடம் பல வருஷமாகத் தகாத நடத்தை. போன்களில் பெண்களின் படங்கள் 200-க்கும் மேல். தன்னைப் பலாத்காரம் செய்தார் என்று ஒரு பெண்ணின் வாக்குமூலம். ஏழைகளுக்கு உதவ என்று ஒதுக்கிய நிதியிலிருந்து சில மசாஜ் பெண்களுக்குப் பணம் போயிருந்தது. அந்த நிதியில் விழுந்த டாலர்களில் எத்தனை விதவைகளின் காணிக்கை இருந்ததோ!

என்னை உறங்கவிடாமல் செய்தது அந்தப் பட்டியலைவிட அந்த ஒரு பெண் சொன்ன விவரம். முதலில் அவளுடைய விசுவாசத்தைப் பற்றி அக்கறையாக விசாரித்திருக்கிறார். அவளுடைய பணக்கஷ்டத்தைத் தெரிந்துகொண்டு ஊழியத்தின் மூலம் உதவி கிடைக்கும்படி ஏற்பாடு செய்திருக்கிறார். பிறகுதான் கேட்கக் கூடாததைக் கேட்டிருக்கிறார். அவளோடு சேர்ந்து ஜெபித்து, கர்த்தர் கொடுத்த வாய்ப்புக்கு நன்றி சொல்லியிருக்கிறார். தன் ஊழிய வாழ்க்கைக்கு அவள்தான் வெகுமதி என்றிருக்கிறார். வெளியே சொன்னால் லட்சக்கணக்கான ஆத்துமாக்கள் கெட்டுப்போகும், அந்தப் பழி உன்மேல்தான் விழும் என்று எச்சரித்திருக்கிறார்.

இந்தக் கடைசிப் பேச்சு உங்களுக்குப் பழக்கமானதாகத் தெரியவில்லையா? ‘சபைக்குக் கெட்ட பேர் வந்துடும்.’ ‘புதுசா வந்தவங்க இடறிப்போயிடுவாங்க.’ ‘ஊழியம் கெட்டுப்போகும், நீ ஜெபம் பண்ணு, கர்த்தர் பார்த்துக்குவார்.’ நம் மூப்பர்களும் நம் அம்மாக்களும் பக்தியோடு சொல்கிற அறிவுரை இது. கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அந்த அறையின் கதவைச் சாத்திவிட்டு அந்த மனிதர் சொன்னதும் இதுவேதான்.

எங்கள் சபையில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர், பேர் வேண்டாம். பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கும் கல்லூரிப் பெண் ஒருத்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து நின்றாள். “ஆன்ட்டி, தனியா கவுன்சிலிங்குக்கு வரச் சொல்றாங்க, எனக்குப் பிடிக்கல” என்றாள். கையில் இருந்த பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டே இருந்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஐயா பெரியவர்மா, தப்பா நினைக்காதே.” அவ்வளவுதான். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். மூன்று வாரம் கழித்து முன்வரிசையில் அவள் இடம் காலியானது. பிறகு அந்தக் குடும்பமே வருவதை நிறுத்திவிட்டது. ஏன் வரவில்லை என்று கேட்டு ஒருவரும் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. நானும் ஏறவில்லை.

ரவி விஷயத்தில் எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. 2017-லேயே கனடாவைச் சேர்ந்த ஒரு பெண் புகார் சொன்னார். ரவி அவர்மீதும் அவர் கணவர்மீதும் வழக்குப் போட்டு, பணம் பறிக்கும் கூட்டம் என்ற பேரை வாங்கிக் கொடுத்தார். கடைசியில், வெளியே பேசக் கூடாது என்ற ஒப்பந்தத்தோடு விஷயம் மூடப்பட்டது. உடனிருந்தவர்கள் ரவியின் வார்த்தையை நம்பினார்கள். அவர் போனை வாங்கிப் பார்க்கவில்லை. மூன்று வருஷத்துக்கும் மேல் அந்தப் பெண் பொய்க்காரி என்ற பட்டத்தோடு வாழ்ந்தார். 2021-ல் ஸ்தாபனத்தின் நிர்வாகக் குழு, அவர் சொன்னது உண்மை என்று நம்புவதாக அறிவித்து மன்னிப்புக் கேட்டது. மன்னிப்புக் கேட்ட அந்தக் குழுவில் யார் யார் இருந்தார்கள் என்றுகூட வெளியே சொல்லப்படவில்லை. ஸ்தாபனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தது ரவியின் மகள்.

அந்த 2017-ல், மனைவியையும் மகள்களையும் தவிர வேறு பெண்ணோடு தனியாக இருப்பதில்லை என்பது தன் வழக்கம் என்று ரவி எழுதியே கொடுத்தார். அந்த வழக்கமே பிறகு திரையாகிவிட்டது. ‘ஐயா இந்த விஷயத்தில் ரொம்ப ஸ்ட்ரிக்ட்’ என்று பேர் எடுத்துவிட்டால் போதும், அப்புறம் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதற்கு மாறாக, 1948-ல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ ஊரில் சுவிசேஷகர் பில்லி கிரகாமும் அவர் கூட்டாளிகளும் உட்கார்ந்து தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டைப் பாருங்கள். காணிக்கைக் கணக்கு உள்ளூர்க் குழுவின் கையில். கூட்டத்தின் எண்ணிக்கையை நாமே ஊதிச் சொல்லக் கூடாது. பெண்கள் விஷயத்தில் சந்தேகத்துக்கே இடம் தரக் கூடாது. ஒருவர் தனக்குத்தானே செய்துகொண்ட சபதமாக விடாமல், கூட இருப்பவர்கள் பார்க்கும்படி அதை வைத்துக்கொண்டார்கள். பார்க்க ஆள் இல்லாத சபதம் எதற்கு ஆகும்?

இன்னொன்று. சறுக்கல் பெரிய பாவத்தில் தொடங்குவதில்லை. ரவிக்கு இருந்தவை கௌரவ டாக்டர் பட்டங்கள். ஆனாலும் வருஷக்கணக்கில் ‘டாக்டர்’ என்ற அடைமொழியோடு வலம் வந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தோடு இருந்த தொடர்பும் உள்ளதற்கு மேலாக எழுதப்பட்டது. அதைத் தோண்டிக் கேட்டது கடவுள் நம்பிக்கை இல்லாத ஒரு வழக்கறிஞர். 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரத்தில் கண்காணிக்கான தகுதிகளைப் படித்துப் பாருங்கள். அங்கே கேட்கப்படும் திறமை என்று பார்த்தால், போதிக்கத் தெரிய வேண்டும் என்பது ஒன்றுதான். மீதி எல்லாம் குணம்: பண ஆசை இல்லாமை, அடிதடி இல்லாமை, வீட்டை ஒழுங்காக நடத்துதல். கடைசியில், வெளியாட்களிடமும் நற்பேர் எடுத்திருக்க வேண்டும் என்று பவுல் சேர்க்கிறார். அந்த வெளியாள் கேட்ட கேள்வியை நாம் சத்துருவின் சூழ்ச்சி என்று தள்ளிவிட்டோம். நம் கன்வென்ஷன் போஸ்டர்களில் ‘ரெவ. டாக்டர்’ போடுகிறார்களே, எந்தக் கல்லூரி, எந்த வருஷம் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?

கேட்டால், அபிஷேகம் பெற்றவர்மேல் கைவைக்காதே என்று 105-ஆம் சங்கீதத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த இடம், அந்நிய தேசங்களில் பாதுகாப்பில்லாமல் அலைந்த ஆபிரகாமையும் ஈசாக்கையும் பற்றியது. ஆட்டைத் தின்கிற மேய்ப்பனுக்குக் கேடயமாக எழுதப்பட்டதில்லை. அபிஷேகம் பெற்ற தாவீதின் எதிரிலேயே நின்று நாத்தான் தீர்க்கதரிசி பேசவில்லையா? இரண்டு மூன்று சாட்சி இல்லாமல் மூப்பனுக்கு விரோதமாகப் புகாரை ஏற்காதே என்ற வசனத்தையும் காட்டுவார்கள். அதற்கு அடுத்த வசனத்தை வாசிக்க மாட்டார்கள். பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகவே கண்டிக்க வேண்டும் என்று அங்கே இருக்கிறது. சாத்திய கதவுக்குள் நடந்ததற்குக் கண்கண்ட சாட்சி எங்கிருந்து வரும்? ஒருவரையொருவர் அறியாத மூன்று பெண்கள் ஒரே மாதிரி அனுபவத்தைச் சொன்னால், அவர்கள்தான் அந்த மூன்று சாட்சி.

ஆசாரியர்களாக இருந்த ஏலியின் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். 1 சாமுவேல் 2-ஆம் அதிகாரம் முதலில் சொல்வது, அவர்கள் காணிக்கை இறைச்சியைப் பலவந்தமாக எடுத்ததை. அதற்குப் பிறகுதான், ஆசரிப்புக் கூடாரத்து வாசலில் ஊழியம் செய்த பெண்களிடம் அவர்கள் நடந்துகொண்டது வருகிறது. ஏலிக்கு எல்லாம் தெரியும். கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். பதவியிலிருந்து இறக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், பணத்தைக் கவனியுங்கள். டிரஸ்டில் பாஸ்டர், அவர் மனைவி, அவர் மகன், மைத்துனர் என்றே பேர் இருந்தால் விசாரியுங்கள். வருஷக் கணக்கைக் கேட்டவரை ‘கலகக்கார ஆவி’ என்று மேடையிலிருந்து பேர் சொல்லாமல் குத்தினால், அன்றைக்கே உஷாராகிவிடுங்கள். கணக்குக் கேட்பதற்கே ஒருவன் இப்படி அவமானப்படுவதைப் பார்க்கிற பெண், தனக்கு நடந்ததை எந்தத் தைரியத்தில் சொல்வாள்?

புகார் வந்தால் சபைக் கமிட்டியே கூடிப் பேசி முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சம்பந்தப்பட்டது 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால், 2012-ஆம் வருஷப் போக்சோ சட்டப்படி தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். மத நிறுவனத்தில் பொறுப்பில் இருப்பவரே அங்குள்ள பிள்ளையிடம் இதைச் செய்தால், சட்டம் அதை இன்னும் கொடிய குற்றமாக வைத்திருக்கிறது. சபை நடத்தும் பள்ளி, ஆஸ்பத்திரி, அலுவலகத்தில் 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால், 2013-ஆம் வருஷச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். சம்பளம் வாங்காமல் உழைக்கிறவர்களும் அந்தச் சட்டத்தின் பார்வையில் பணியாளர்கள்தான். உங்கள் சபையின் நோட்டீஸ் போர்டில் அந்தக் குழுவினரின் பேர் ஒட்டியிருக்கிறதா என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள்.

மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அழுது அறிக்கையிட்டவரை மன்னிக்கலாம். திரும்பப் பிரசங்க பீடத்தில் ஏற்றுவது வேறு விஷயம். பீடம் அவருடைய பிதுரார்ஜிதச் சொத்து இல்லை.

இதைப் படிக்கிற நீ, அந்த மெசேஜ் வந்த பெண்ணாக இருந்தால், ஒன்றையும் அழிக்காதே மகளே. தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, நீ நம்பும் ஒருவருக்கு அனுப்பி வை. கவுன்சிலிங் என்று தனியாகக் கூப்பிட்டால் போகாதே, காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் உனக்கு இல்லை. 181 பெண்களுக்கான உதவி எண், பிள்ளைகள் விஷயம் என்றால் 1098. சபைக்குள் ஒருத்தரிடம் சொல்லி, அவர் என்னைப் போல உன்னை அடக்கினால், அடுத்தவரிடம் போ. அவரும் அடக்கினால் அதற்கடுத்தவரிடம் போ. நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த அந்த நாளில் நான் உன்னிடம் சொன்னது தப்பு.