உளி நின்ற இடம்

மலேசியாவின் தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிய என் பாட்டியிடம் எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம்தான் இருந்தது: தலையெழுத்து. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்தினாலும் அதுதான். வெட்டி முடித்ததும் மழை கொட்டி, மங்குக் கிண்ணத்திலிருந்த பாலெல்லாம் வழிந்தோடினாலும் அதுதான்.

அந்த எழுத்தை நான் பார்த்திருக்கிறேன், பள்ளி ஆய்வுக்கூடத்து மண்டையோட்டில். உச்சியில் நெளிந்து ஓடும் கோடுகளைப் பிரம்மனின் கிறுக்கல் என்பார்கள். எலும்புகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட தையல்கள் அவை. பிறந்த குழந்தைக்கு மண்டையெலும்புகள் சேர்ந்திருப்பதில்லை. உச்சிக்குழியில் விரல் வைத்தால் துடிப்பு தெரியும். உள்ளே மூளை வளர வளர இடம்விட்டுக் கொடுத்து, பிறகுதான் பல்லோடு பல் கோத்துக்கொள்கின்றன. பிரம்மன் எழுதியதாகவே வைத்துக்கொண்டாலும், பிள்ளை பிறந்த பிறகும் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறான்!

எழுத்துக்கு அடியில் நடப்பது இன்னும் விசித்திரம். 1960களில் ஜெர்மனியில் கோர்ன்ஹூபர், டீக்கே என்ற இருவர், விரல் அசைவதற்கு முன்பே தலையில் ஒரு மின்னழுத்தம் மெல்ல ஏறுவதைக் கண்டார்கள். ஆயத்த மின்னழுத்தம் எனலாம்: மூளை ஒரு செயலுக்குத் தயாராகும் அறிகுறி. அளவு ஏறக்குறைய பத்து மைக்ரோவோல்ட். நெற்றி விளக்கில் போடும் ஒரு பேட்டரியின் அழுத்தத்தை ஒன்றரை லட்சம் கூறு போட்டு, அதில் ஒன்றை எடுத்தால் அவ்வளவுதான் இருக்கும்.

1983இல் அமெரிக்காவின் பெஞ்சமின் லிபெட் இதை வைத்து ஒரு குண்டைப் போட்டார். கடிகாரம் போன்ற வட்டத்தில் ஒரு புள்ளி 2.56 நொடிக்கு ஒரு சுற்று ஓடும். மனதுக்குத் தோன்றும்போது கையை அசைக்கலாம். ஆனால் அசைக்க நினைத்த கணத்தில் புள்ளி எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும். நினைப்பு வந்தது அசைவுக்கு 0.2 நொடி முன்னால். மின்னழுத்தம் ஏறத் தொடங்கியதோ 0.55 நொடி முன்னால். ‘நான் முடிவெடுத்தேன்’ என்று நாம் சொல்வதற்குள் மூளை புறப்பட்டுவிட்டது. பாட்டி கேட்டிருந்தால், “நான் சொல்லல?” என்றிருப்பாள்.

லிபெட் ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தார். அந்தக் கடைசி 0.2 நொடியில் ‘வேண்டாம்’ என்று சொல்ல வாய்ப்பு உண்டு என்றார். 2016இல் பெர்லினில் அதைச் சோதித்தார்கள். பொத்தானை அழுத்தப் போகிறவரின் மூளை மின்னலையைக் கணினி முன்கூட்டியே மோப்பம் பிடித்து, சிவப்பு விளக்கை எரியவிடும். அசைவுக்கு 0.2 நொடி முன்புவரை நிறுத்த முடிந்தது. அதைத் தாண்டினால் அசைவு நடந்தே தீரும்.

அந்த மின்னழுத்தம் முடிவுதானா என்பதே சந்தேகம் என்றார் ஆரன் ஷூர்கர், 2012இல். மூளையில் காரணமில்லாத சலசலப்பு ஓயாமல் ஏறி இறங்குகிறது; அது ஒரு வரம்பைத் தாண்டும்போது அசைவு பிறக்கிறது என்பது அவர் விளக்கம். விளிம்புவரை பால் நிறைந்த மங்கில் இலையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தால் வழியும். வழிந்த நேரங்களை மட்டும் குறித்துவைத்துப் பின்னோக்கிப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் பால் திட்டமிட்டு ஏறியதுபோலத்தான் தெரியும்.

எனக்கு இந்தச் சோதனைகள் மீது ஒரு சின்னக் குறை உண்டு. காரணமே இல்லாமல் மணிக்கட்டை அசைக்கச் சொன்னால், அதில் யாருடைய விருப்பம் இருக்கும்? பாட்டியின் உளியைச் சோதித்திருக்க வேண்டும். பால் குழாய்கள் பட்டையின் உள்பக்கத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அதற்கும் உள்ளே மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம். உளி ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் பால் குறையும். ஒரு மில்லிமீட்டர் கூடினால் மரத்துக்குக் காயம், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். நூற்றுக்கணக்கான மரங்களில், அரை இருட்டில், அதே ஆழம். பழகிய அசைவுகளைத் தொடுத்து வைப்பதில் மூளையின் அடியாழத்திலுள்ள அடித்தள நரம்பணுத்திரளுக்குப் பெரும்பங்கு உண்டு. பழக்கம் அங்கே படிந்துவிட்டால் யோசனைக்கு வேலை குறைவு.

ஒருநாள் பாட்டியோடு போனபோது பட்டையில் சீவல் சுருண்டு வந்துகொண்டே இருந்தது. திடீரென்று உளி நின்றது. விளக்கைத் தாழ்த்திப் பார்த்தாள்: பழைய காயத்தின் முண்டு.

“எப்படிப் பாட்டி தெரிஞ்சுச்சு?”

“எனக்கு எங்க தெரிஞ்சுச்சு? கை நின்னுச்சு, அப்புறந்தான் பார்த்தேன்.”

முண்டை ஒதுக்கி வெட்டை முடித்து, மங்கை நேராக்கிவிட்டு, அடுத்த மரத்துக்கு நடந்தாள்.