ஐந்து பாடங்களும் நம் ஊரும்

தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடங்கள். பாடத்துக்கு நூறாக ஐந்நூறு மதிப்பெண்கள். பத்தாம் வகுப்பு என்றதும் எல்லோர் நினைவிலும் எழுவது இந்தக் கணக்குத்தான். ஆனால் இவ்வகுப்புக்கு வேறொரு தனித்தன்மையும் உண்டு. மாணவியர் யாவரும் ஒரே பாடங்களை ஒன்றாக அமர்ந்து பயிலும் கடைசி ஆண்டு இது. பதினோராம் வகுப்பில் சேரும்போது பிரிவுகள் வந்துவிடும். மொழிப்பாடங்கள் இரண்டும் தொடரும், மற்றவை அப்படியல்ல. வணிகவியல் பிரிவில் சேர்கிறவளுக்கு அறிவியல் இல்லை. முதல் பிரிவில் சேர்கிறவளுக்கு வரலாறும் குடிமையியலும் இல்லை. படிப்பையே நிறுத்திக்கொள்ளும் தோழிக்கோ ஐந்துமே இல்லை.

நம் பாட்டிமார் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு பதினோராம் வகுப்பில் இருந்தது. 1978இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மேல்நிலைக் கல்வி தொடங்கிய பிறகே பத்தாம் வகுப்பு இப்படி ஒரு நாற்சந்தியாயிற்று. அந்தச் சந்தியில் நிற்கும் எங்களிடம் பெரியவர்கள் அடிக்கடி கேட்பது, "இதைப் படித்து என்ன ஆகப் போகிறது?" என்பதுதான். கணிதமும் அறிவியலும் வேலை தரும் பாடங்களாம். தமிழும் சமூக அறிவியலும் மதிப்பெண்ணுக்கு மட்டுமாம். இது சரிதானா என்று நாங்கள் நம் ஊரை வைத்தே எண்ணிப் பார்த்தோம்.

வீட்டில் மதிப்புக் குறைந்த பாடம் சமூக அறிவியல் ஆகையால் அதிலிருந்தே தொடங்குவோம். எங்கள் பாடநூலில் வாசுதேவநல்லூர் என்ற பெயர் வருகிறது! தமிழ்நாட்டில் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக எழுந்த தொடக்ககாலக் கிளர்ச்சிகளைக் கூறும் பாடத்தில் அதைக் காணலாம். நெற்கட்டும்செவல் பாளையக்காரரான பூலித்தேவர் கப்பம் கட்ட மறுத்ததால், 1755இல் கர்னல் ஹெரான் தலைமையில் கும்பெனிப் படை அவர்மீது வந்தது. 1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சிக்கு நூறு ஆண்டுகளுக்கும் முன் நடந்தது இது. 1761 மே 16 அன்று நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் யூசுப்கானின் கைக்குச் சென்றன. இவ்வளவும் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு விடையாகப் போதும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. கோட்டைகளைப் பிடித்துக்கொடுத்த அதே யூசுப்கான் பின்னர் நவாபையும் கும்பெனியையும் எதிர்த்து நின்று, 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். அவர் நல்லவரா, கெட்டவரா? வகுப்பில் நாங்கள் இதுபற்றி வாதிட்டோம். முடிவுக்கு வர இயலவில்லை. முடிவுக்கு வர இயலாத ஒன்றைப் பொறுமையாகப் பேசப் பழக்குவது வரலாறு ஒன்றே என்று எங்களுக்குத் தோன்றுகிறது. கணிதத்தில் அதற்கு இடமில்லை.

புவியியலும் அப்படியே நம் வாசலில் நிற்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் கொட்டித் தீர்க்கிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்றில் ஈரம் குறைந்துவிடுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே மேகம் நுழைவதால் குற்றாலத்தில் சாரலும் அருவியும் உண்டு. அதற்கு வடக்கே மலையடியில் இருக்கும் நமக்கோ, குளம் நிறைய ஐப்பசி கார்த்திகை மழைதான் வேண்டும். "மழை மறைவுப் பகுதி" என்று மனப்பாடம் செய்கிறோமே, அது நம் வயல்தான்.

குடிமையியல் பற்றி ஒரு செய்தி மட்டும். உள்ளாட்சி அமைப்புகளில் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கத் தமிழ்நாட்டில் 2016இல் சட்டத்திருத்தம் செய்யப்பட்டது. நம் ஊர் ஒரு பேரூராட்சி. அதன் வார்டு உறுப்பினர் இருக்கையில் நாளை அமரப்போவது எங்களில் ஒருத்தியாகவும் இருக்கலாம். வரவு செலவுத் திட்டம் என்றால் என்ன என்று அப்போது போய் யாரிடம் கேட்பது?

அடுத்தது கணிதம். இதை மருத்துவம், பொறியியல் படிப்புக்கு ஏணி என்றே பலரும் கருதுகின்றனர். அடுக்களைக்கும் அது வேண்டும் என்பதே எங்கள் கருத்து. வாரத்தவணைக் கடனை எடுத்துக்கொள்வோம். பத்தாயிரம் ரூபாய் கடன் என்று பெயர். 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் கையில் தருகிறார்கள். வாரம் 1,000 ரூபாய் வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். "ஆயிரத்து ஐந்நூறுதானே!" என்று தோன்றும். ஆனால் 8,500க்கு 1,500 என்பது நூற்றுக்குப் பதினேழரைக்கு மேல். அதுவும் பத்தே வாரத்துக்கு. ஓர் ஆண்டுக்கு 52 வாரம் என்று பெருக்கினால் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டும். இதிலும் ஒரு சூது உள்ளது. வாராவாரம் திருப்பிக் கட்டுவதால் 8,500 ரூபாயும் பத்து வாரம் நம்மிடம் இருப்பதில்லை. சராசரியாக அதில் ஏறக்குறையப் பாதிதான் இருக்கிறது. ஆகவே உண்மையான வட்டி அதைப்போல் இரு மடங்கை நெருங்குகிறது. "மூன்று வட்டி" என்று தெருவில் சொல்வதும் மாத வட்டிதான். ஆண்டுக்கு நூற்றுக்கு முப்பத்தாறு. வங்கி சொல்வதோ ஆண்டு வட்டி. இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கச் சதவிகிதமும் தனிவட்டியும் தெரிந்தால் போதும். கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. ஆனால் கடன் வாங்குமுன் ஒரு தாளில் இந்த நாலு வரிக் கணக்கைப் போட்டுப் பார்க்கிற மகள் வீட்டில் இருந்தால், சட்டத்தைத் தேடிப் போக வேண்டிய நிலை பல தாய்மாருக்கு வராது. பீடி சுற்றியும் வயல்வேலை செய்தும் நம்மைப் படிக்கவைக்கும் தாய்மார் பலர் இந்த மாவட்டத்தில் உள்ளனர் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதினோம்.

முக்கோணவியலைக் கண்டு அஞ்சும் தோழியருக்கு ஒரு வார்த்தை. 1802இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே ஓர் அடிக்கோட்டை அளந்து, பிறகு கோணங்களை மட்டுமே கொண்டு இந்தியாவையே அளக்கத் தொடங்கினார். ஏற்றக்கோணம் 45 பாகை காட்டும் இடத்தில் நின்றால், கோபுரத்தடி வரையுள்ள தூரமும் நம் கண்மட்டத்துக்கு மேலுள்ள கோபுர உயரமும் ஒன்றே. இதை யாரும் செய்து பார்க்கலாம்.

அறிவியலுக்கு வருவோம். பக்கத்துப் புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். எலுமிச்சை ஊறுகாயை ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் வைக்காதே, பீங்கான் ஜாடியில் வை என்று பாட்டிமார் சொல்வார்கள். அமிலங்கள் பற்றிய பாடத்தைப் படித்தபிறகு காரணம் விளங்குகிறது. எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம் பித்தளையிலுள்ள தாமிரத்தோடும் துத்தநாகத்தோடும் வினைபுரிந்து களிம்பை உண்டாக்கும். பாட்டியின் சொல் பழமொழி அன்று, வேதியியல்! அதே எலுமிச்சைக்கு இன்னொரு பயனும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. பள்ளிகளில் வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை தருவது இதற்காகத்தான். (அதை ஜன்னல் வழியே எறிகிறவர்கள் யார் என்று இங்கே எழுதமாட்டோம்.) எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவுகிறது, தேநீர் தடுக்கிறது. மாத்திரை விழுங்கிய கையோடு டீ குடித்தால் பயன் குறையும். வணிகவியல் பிரிவில் சேரப்போகிறவளுக்கும் இரத்தம் ஒன்றுதானே?

ஆங்கிலத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மருந்துச் சீட்டிலும் கல்லூரி வகுப்பிலும் அதுவே எதிர்நிற்கிறது. அச்சம் போக அதைப் பேசியே ஆகவேண்டும்.

தமிழோ எல்லாப் பாடங்களுக்கும் வாசற்படி. வினா புரியாமல் கணக்கைத் தவறாகப் போடுகிறவர்கள் எத்தனை பேர்! மாவட்ட ஆட்சியருக்குக் குடிநீர் வேண்டி ஒரு மனு எழுத, கூலி கொடுத்து ஆள் தேடுகிறவர்களை நாம் காண்கிறோம். பத்து ஆண்டுகள் கடிதம் எழுதப் பழகிய ஒருத்தி தெருவில் இருந்தால் அந்தக் கூலி மிச்சம். இந்த மொழியைப் பிறநாட்டார் எவ்வளவு மதித்தனர் என்பதும் எண்ணத்தக்கது. 1578இல் ஹென்றிக்கஸ் அடிகளார் "தம்பிரான் வணக்கம்" என்ற சிறு நூலைக் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் இங்கு வந்து தமிழ் கற்று, எங்கள் பாடநூலில் உள்ள தேம்பாவணியைப் பாடினார், சதுரகராதி தொகுத்தார், எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடு தெளிவாகத் தெரியும்படி எழுத்தைச் சீர்திருத்தினார். இன்று "எ", "ஏ" என்று நாம் குழப்பமின்றி எழுதுவதில் ஒரு துறவியின் உழைப்பு இருக்கிறது.

மதிப்பெண் பட்டியலில் ஏறாத பாடங்களும் உண்டு. தையல், ஓவியம், நன்னெறி வகுப்பு, விளையாட்டு. பத்தாம் வகுப்பு வந்ததும் எந்த ஊர்ப் பள்ளியிலும் முதலில் பலியாவது விளையாட்டு வேளைதான். அருட்சகோதரிகள் எங்களைப் பொறுத்தருள்க!

இனிப் பெற்றோருக்கு. மேற்படிப்பில் சேரும் அரசுப்பள்ளி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. 2024 டிசம்பர் 30 முதல் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றவர்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. பத்தோடு போதும் என்று எண்ணும் வீடுகளில் இச்செய்தியைப் பேசிப் பாருங்கள். பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதும் மதிப்பெண்ணை மட்டும் பாராமல், எந்தப் பாடத்தை மகள் சொல்லாமலே எடுத்துப் படிக்கிறாள் என்பதையும் பாருங்கள்.

எங்களில் முதல் பிரிவுக்குச் செல்ல எண்ணியிருக்கும் சிலர், இவ்வாண்டுச் சமூக அறிவியல் நூலைப் பழைய பேப்பர்க் கடைக்குப் போடுவதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். வணிகவியலுக்குச் செல்லும் தோழியர் அறிவியல் நூலை வைத்துக்கொள்வார்கள். தேவைப்படும்போது மாற்றிக்கொள்ளலாம்.