தேனிலவுத் தம்பதியும் தில்லி நாள்காட்டியும்: சாணக்யபுரியில் அறை கிடைப்பது எப்போது?

புது தில்லி: தை பிறந்தால் தமிழகத்தில் திருமண மண்டபங்கள் நிரம்புகின்றன. அதே தை மாதத்தில் தலைநகர் தில்லியில் விடுதி அறைகள் நிரம்புகின்றன. இவ்விரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆனால், தேனிலவுக்காகத் தில்லிக்கு வரும் தமிழகத் தம்பதியர் இவ்விரண்டுக்கும் இடையே சிக்கிக்கொள்கின்றனர்.

சிம்லா, மணாலி, ஆக்ரா என்று வடக்கே புறப்படும் புதுமணத் தம்பதியர், போகும்போதோ திரும்பும்போதோ இரண்டு மூன்று நாள்கள் தில்லியில் தங்குவது வழக்கம். எங்கே தங்குவது என்று தேடும்போது பெரும்பாலோர் பார்ப்பவை இரண்டு: அறையின் புகைப்படம், அறையின் வாடகை. மற்ற ஊர்களுக்கு இது போதுமானதாக இருக்கலாம். தில்லியில், அதிலும் தூதரகங்கள் நிறைந்த சாணக்யபுரியில், முதலில் பார்க்க வேண்டியது தேதி, அடுத்தது சுற்றுப்புறம், அதற்குப் பிறகுதான் அறை.

அமைதி உண்டு, கடைத்தெரு இல்லை

நாடு விடுதலை அடைந்தபின் வெளிநாட்டுத் தூதரகங்களுக்காக 1950-களில் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட பகுதி சாணக்யபுரி. அகலமான சாலைகள், இருபுறமும் மரங்கள், சாந்தி பத், நியாய மார்க், நீதி மார்க், சத்ய மார்க் என்ற சாலைப் பெயர்கள் எனத் தில்லியின் மற்ற பகுதிகளில் காண முடியாத ஒழுங்கு இங்கு உண்டு. சுமார் 80 ஏக்கரில் விரிந்த நேரு பூங்கா, 1977-இல் திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகம் ஆகியவை இங்கேயே உள்ளன. தமிழர்களால் "மலை மந்திர்" என்றழைக்கப்படும் உத்தர சுவாமிமலை முருகன் கோயில், அடுத்துள்ள ராமகிருஷ்ணபுரத்தில் இருக்கிறது. 1973-இல் குடமுழுக்கு கண்ட இக்கோயிலுக்கு ஆட்டோவில் சிறிது நேரத்தில் சென்றுவிடலாம்.

குறைகளும் உண்டு. சாணக்யபுரியின் நடுவே மெட்ரோ ரயில் நிலையம் கிடையாது. லோக் கல்யாண் மார்க், மோதி பாக் போன்ற நிலையங்கள் ஓரங்களில்தான் உள்ளன. மால்சா மார்க், யஷ்வந்த் பிளேஸ் ஆகிய இரு சந்தைகளை விட்டால், இறங்கி நடந்து தேநீர் குடிக்கக்கூடக் கடை தேட வேண்டும். இருட்டியபின் சாலைகள் வெறிச்சோடிவிடும். இருவரும் தனித்திருக்க விரும்பினால் இது வரம். ஊர் சுற்றி, கடை கண்ணி பார்க்க விரும்பினால் ஒவ்வொரு முறையும் வாடகைக் காரோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். அந்தச் செலவையும் அறை வாடகையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

முதல் விருந்தாளி அரசாங்கம்

சாணக்யபுரி விடுதிகளின் முதல் வாடிக்கையாளர் சுற்றுலாப் பயணி அல்ல, அரசாங்கமே. இங்குள்ள அசோக் ஹோட்டல் கட்டப்பட்டதே ஓர் அரசு நிகழ்ச்சிக்காகத்தான். 1956-இல் தில்லியில் நடைபெற்ற யுனெஸ்கோ பொது மாநாட்டுக்கு வரும் பிரதிநிதிகளைத் தங்கவைக்க, அன்றைய பிரதமர் நேருவின் முனைப்பில் அது எழுந்தது.

அந்த வழக்கம் பின்னரும் மாறவில்லை. 2014 மக்களவைத் தேர்தலில் வென்ற புதிய உறுப்பினர்கள் பலர், அரசுக் குடியிருப்பு ஒதுக்கப்படும்வரை அசோக் ஹோட்டலில் தங்கவைக்கப்பட்டனர். சிலர் மாதக்கணக்கில் தங்கியதால் செலவு சர்ச்சைக்குள்ளானது. புதிய மக்களவை கூடியது ஜூன் 4-ஆம் தேதி. தமிழகத்தில் அது வைகாசி முகூர்த்த காலம். 2019-இல் மக்களவைச் செயலகம் இந்த முறையைக் கைவிட்டு, புதிய உறுப்பினர்களை வெஸ்டர்ன் கோர்ட் விடுதியிலும் மாநில அரசுகளின் இல்லங்களிலும் தங்கவைத்தது. ஹோட்டல் அறைகள் தப்பின. மாநில இல்லங்களின் அறைகள் நிரம்பின.

2023 செப்டம்பர் 9, 10 தேதிகளில் ஜி-20 உச்சி மாநாடு நடைபெற்றபோது நிலைமை இன்னும் கடினமாக இருந்தது. அமெரிக்க அதிபர் ஜோ பைடன், சர்தார் படேல் மார்க்கில் உள்ள ஐடிசி மௌர்யா ஹோட்டலில் தங்கினார். அப்பகுதியின் மற்ற பெரிய ஹோட்டல்களும் வெளிநாட்டுத் தலைவர்களுக்கும் அவர்களது குழுக்களுக்கும் ஒதுக்கப்பட்டன. புது தில்லி மாவட்டத்தில் போக்குவரத்துக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டு, விடுதியில் முன்பதிவு செய்ததற்கான சான்றைக் காட்டியே பயணிகள் செல்ல முடிந்தது. அந்த நாள்கள் ஆவணி மாதத்தில் வந்தவை என்பதைத் தமிழக நாள்காட்டியைப் பார்த்தவர்கள் அறிவர்.

தமிழ்நாடு இல்லம் கிடைக்குமா?

சாணக்யபுரி என்றதும் தமிழகத்தில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது தமிழ்நாடு இல்லம். கௌடில்ய மார்க்கில் வைகை இல்லம், திகேந்திரஜித் மார்க்கில் பொதிகை இல்லம் என இது இரண்டாக இயங்கிவந்தது. பழைய வைகை இல்லத்தின் இடத்தில் புதிய வளாகம் கட்டும் பணியைத் தமிழக அரசு அண்மை ஆண்டுகளில் கையிலெடுத்தது. ஆகவே, எந்த இல்லத்தில் எத்தனை அறைகள் பயன்பாட்டில் உள்ளன என்பதைக் கேட்டறிந்த பிறகே பயணத்தைத் திட்டமிட வேண்டும்.

மாநில இல்லம் எதுவாயினும் முன்னுரிமை அமைச்சர்கள், நாடாளுமன்ற, சட்டப்பேரவை உறுப்பினர்கள், நீதிபதிகள், அரசு அதிகாரிகள் ஆகியோருக்கே. பொதுமக்களுக்கு அறை மிஞ்சினால்தான் உண்டு, வாடகையும் கூடுதல். தொகுதி எம்.பி.யின் பரிந்துரைக் கடிதத்தோடு வருவோர் உண்டு. ஆனால், நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடக்கும் நாள்களில் அந்தக் கடிதத்துக்கும் பலன் குறைவு. அமைச்சர் ஒருவர் திடீரென்று தில்லி வந்தால், உறுதியான அறையும் கைவிட்டுப் போகலாம். திருமணமான முதல் வாரத்தில், அறிமுகமில்லாத நகரத்தில், பெட்டியோடு வேறு அறை தேடும் நிலையை யாரும் விரும்பமாட்டார்கள். ஆகவே, இல்லத்தை நம்பி வருவோர் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வேறோர் அறையையும் பதிவு செய்து வைப்பது நல்லது.

நட்சத்திர ஹோட்டலுக்கு வசதியில்லாதவர்களுக்கு நியாய மார்க்கில் உள்ள இளைஞர் விடுதி, தீன் மூர்த்தி அருகே உள்ள விஸ்வ யுவக் கேந்திரம் போன்றவை உண்டு. ஆடம்பரம் இராது. இருவருக்கான தனி அறை தருகிறார்களா, உறுப்பினராக வேண்டுமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழ் மாதமும் தில்லிப் பருவமும்

தமிழகத்தின் முகூர்த்த மாதங்களையும் தில்லியின் நிகழ்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை எளிதாகிறது.

தையின் முற்பாதியில் குடியரசு தினம் வருகிறது. அணிவகுப்பு ஒத்திகைகளுக்காகச் சாலைகள் அடைக்கப்படும். முந்தைய வாரத்தில் முற்பகலில் சில மணி நேரம் விமானப் போக்குவரத்து நிறுத்தப்படும். பனிமூட்டத்தால் ரயில்கள் தாமதமாகும். ஜனவரி இறுதியில் நாடாளுமன்ற பட்ஜெட் கூட்டத்தொடர் தொடங்கிவிடும். வட இந்தியத் திருமணங்களும் இந்தப் பருவத்திலேயே நடப்பதால், பெரிய ஹோட்டல்களின் அறைகளை மணவீட்டார் மொத்தமாக எடுத்துக்கொள்வதுண்டு.

சித்திரை, வைகாசியில் வெயில் 45 டிகிரி செல்சியஸைத் தொடும். பகலில் வெளியே நடமாடுவது கடினம். ஆடிக் கடைசியில் சுதந்திர தினப் பாதுகாப்புக் கெடுபிடிகள் இருக்கும்; ஆவணியில் மழை சேரும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று மாசு கடுமையாக இருக்கும். ஆஸ்துமா போன்ற மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் தவிர்ப்பதே நலம்.

எஞ்சுவது தையின் கடைசி நாள்களும் மாசியும். பிப்ரவரி இரண்டாம் வாரம் முதல் மார்ச் நடுப்பகுதிவரை குளிரும் இராது, வெயிலும் இராது. குடியரசுத் தலைவர் மாளிகையின் மலர்த்தோட்டம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுவதும் ஏறக்குறைய இந்த நாள்களில்தான். முகலாயத் தோட்டம் எனப்பட்ட அதற்கு 2023-இல் அம்ருத் உத்யான் என்று பெயர் மாற்றப்பட்டது. சாணக்யபுரியிலிருந்து அது மிக அருகில். தையில் திருமணம் முடிந்தவர்கள் மறுவீடு, விருந்து எல்லாம் முடித்து, இரண்டு வாரம் பொறுத்துப் புறப்பட்டால், அதே பணத்தில் மேலான அறையும் நல்ல பருவமும் கிடைக்க வாய்ப்புண்டு. தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காலையில் ரயில், பிற்பகலில் அறை

சென்னையிலிருந்து இரவு 10 மணிக்குப் புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், சுமார் 2,180 கி.மீ. கடந்து மூன்றாம் நாள் அதிகாலையில் புது தில்லியை அடைகிறது. ஆனால், பெரும்பாலான ஹோட்டல்களில் நண்பகல் 12 மணிக்கோ பிற்பகல் 2 மணிக்கோதான் அறை தருகின்றனர். இரண்டு இரவு ரயிலில் கழித்துவிட்டு வரும் தம்பதியர், இடையில் உள்ள ஆறேழு மணி நேரத்தை எங்கே கழிப்பது என்பதை யோசிப்பதே இல்லை. 24 மணி நேரக் கணக்கில் வாடகை வாங்கும் விடுதியைத் தேர்வதோ, முன்கூட்டியே அறை தருமாறு எழுத்தில் உறுதி பெறுவதோ, ரயில் நிலைய ஓய்வறையைப் பதிவு செய்வதோ இதற்கு வழி.

இந்த இடைவெளியைத்தான் ரயில் நிலைய வாசலில் நிற்கும் தரகர்கள் பயன்படுத்திக்கொள்கின்றனர். "நீங்கள் சொல்லும் விடுதி மூடப்பட்டுவிட்டது", "அங்கே கலவரம்" என்றெல்லாம் கூறி, தரகு கிடைக்கும் வேறு விடுதிக்கோ, அரசு அலுவலகம் போலத் தோன்றும் தனியார் சுற்றுலா அலுவலகத்துக்கோ அழைத்துச் செல்வது தில்லியில் நெடுநாளைய ஏமாற்று. விடுதிக்கு நேரடியாகத் தொலைபேசியில் பேசிவிட்டு, முன்கட்டண ஆட்டோவில் ஏறுவதே பாதுகாப்பு.

மலிவுக்கும் ஓர் எல்லை உண்டு

சாணக்யபுரியில் வாடகை கட்டுப்படியாகாதபோது தமிழகப் பயணிகள் நாடுவது கரோல் பாக், பகாட்கஞ்ச் பகுதிகளை. மெட்ரோ, கடைத்தெரு, தென்னிந்திய உணவு என அங்கு வசதிகள் ஏராளம். ஆனால், 2019 பிப்ரவரி 12 அதிகாலையில் கரோல் பாக் ஹோட்டல் ஒன்றில் நேரிட்ட தீ விபத்தில் 17 பேர் உயிரிழந்ததை மறந்துவிடக் கூடாது. திருமண நிகழ்ச்சிக்காக வந்திருந்த கேரளக் குடும்பத்தினர் மூவரும் அவர்களில் அடங்குவர். அறைக்குள் நுழைந்ததும் ஜன்னல் திறக்கிறதா, மாடிப்படி எங்கே, இரண்டாவது வழி உண்டா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். இவை திருப்தியாக இல்லையெனில் வாடகை எவ்வளவு குறைவாயினும் அந்த அறை வேண்டாம்.

வரி விஷயத்திலும் ஓர் எல்லை உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு ரூ.7,500 வரையிலான அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு மேல் 18 சதவீதம். ரூ.7,500 வாடகைக்குச் செலுத்த வேண்டிய மொத்தத் தொகை ரூ.7,875. வாடகை ரூ.8,000 என்றால் மொத்தம் ரூ.9,440. வாடகையில் ரூ.500 வித்தியாசம், கட்டணத்தில் ரூ.1,565 ஆகிவிடுகிறது. சாணக்யபுரி போன்ற பகுதியில் வாடகை இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும் என்பதால், வரி உள்பட எவ்வளவு என்று கேட்பதே முறை.

அடையாள அட்டையும் தலைப்பெழுத்தும்

கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனி அடையாள அட்டை தேவை. புதுமணப் பெண்ணின் ஆதாரில் தந்தையின் தலைப்பெழுத்தும் பிறந்த வீட்டு முகவரியும் இருப்பது இயல்பு. அதை அவசரமாக மாற்ற வேண்டியதில்லை. முன்பதிவில் உள்ள பெயர், அட்டையில் உள்ளபடியே இருந்தால் போதும். அறை தருவதற்குத் திருமணச் சான்றிதழ் கட்டாயம் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. எனினும், வரவேற்பறையில் வீண் வாக்குவாதத்தைத் தவிர்க்கப் பதிவுச் சான்றின் நகல் உதவும். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009-இன்படி 90 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டியிருப்பதால், புறப்படும் முன்பே அதை முடித்துவிடுவது எளிது.

திருமணத்துக்கு நாள் குறிக்கும்போது பஞ்சாங்கம் பார்க்கும் குடும்பங்கள், தேனிலவுக்கு நாள் குறிக்கும்போது நாடாளுமன்றக் கூட்டத்தொடர் அறிவிப்பையும் குடியரசு தினக் கட்டுப்பாடுகளையும் ஒருமுறை பார்த்துவிட்டால், தலைநகரில் பெரும்பாலான அலைச்சல் மிச்சமாகும்.