வானில் நின்ற இயந்திரம்

லில்லெஸ்ட்ரோம் வழியாகச் செல்லும் ஒஸ்லோவாழ் எம்மவர், ஷெல்லர் விமானத் தளத்தில் சிறு விமானங்கள் ஆடியாடி இறங்குவதைக் கண்டிருப்பர். 1912 இல் தொடங்கப்பட்ட அத்தளமே நோர்வேயில் மிகப் பழையது. செலுத்துபவரின் பிடி ஒரு கணம் தவறினால் என்னாகும் என்று நாமும் அஞ்சியதுண்டு.

அவ்வச்சம் வீணானதன்று. இறங்கும் வேளையில் உயரமும் வேகமும் குறைவு. பிழையைத் திருத்த அவகாசமில்லை. இறக்கையின்மீது காற்று விரைந்து பாயும்வரையே விமானம் விமானியின் சொற்கேட்கும். இயந்திரம் நின்றுவிட்டால், நிலம் நெருங்கக் கண்டு அஞ்சும் கை மூக்கை மேலே இழுக்கத் துடிக்கும். இழுத்தாலோ வேகம் தேயும். இறக்கை தாங்கும் வலுவை இழக்கும். விமானம் கட்டுப்பாடின்றிச் சரியும். மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பதே விமானிக்குரிய முதற்பாடம்.

2019 ஆகஸ்ட் 14 அன்று அப்பாடம் சோதிக்கப்பட்டது. நோர்வேயின் விமான நிலையங்களை நடத்தும் அரச நிறுவனமான அவினோரின் அன்றைய தலைவர் டாக் பால்க்-பெட்டர்சன், இராஜாங்கச் செயலாளர் ஓசெ மார்த்தெ ஹொரிக்மோவை ஏற்றிக்கொண்டு, ஸ்லோவேனியாவில் தயாரான ஈரிருக்கை மின்சார விமானத்தைச் செலுத்தினார். 2018 ஜூனில் கார்டர்மூன் நிலையத்திலிருந்து போக்குவரத்து அமைச்சரை ஏற்றிப் பறந்து புகழ்பெற்ற அதே விமானம். 2040 இற்குள் உள்நாட்டுப் பறப்புகளை மின்மயமாக்கும் கனவின் சின்னம். தென்கரையோர அரெண்டால் நகருக்கருகே அதன் மின்வலு அற்றுப்போயிற்று. விமானி சிறு ஏரியொன்றில் அதை இறக்கினார். விமானம் பலத்த சேதமுற்றது. இருவரும் காயமின்றித் தப்பினர்.

பின்னர் நிகழ்ந்ததே எம் சிந்தையைக் கவர்ந்தது. லில்லெஸ்ட்ரோமில் இயங்கும் அரச விபத்து விசாரணை ஆணையம் இதனை ஆராய்ந்தது. குற்றஞ்சாட்டுவது அதன் பணியன்று. காரணமறிந்து அடுத்த விபத்தைத் தடுப்பதே பணி. அதன் அறிக்கைகளை எவரும் வாசிக்கலாம். விமானி நாட்டின் விமான நிலையங்களுக்கே தலைவராயிருந்தபோதும் இந்நடைமுறை மாறவில்லை.

நாமோ, ஆணைக்குழுக்கள் பல கண்டு அறிக்கைகளுக்காகக் காத்திருந்தோர். 2006 இல் இலங்கையில் நியமிக்கப்பட்ட உதலாகம ஆணைக்குழுவின் அறிக்கை 2015 இலேயே நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது.

இந்நாட்டில் வளரும் எம் பிள்ளைகள் நாளை விமானிகளாகலாம், பொறியியலாளராகலாம். தொழிலோடு இதனையும் அவர்கள் கற்றுக்கொள்ளட்டும்: தவறு நேர்ந்தால் அதை மறைத்தலாகாது, எழுதி வைத்தல் வேண்டும். பின்னால் பறப்பவர் உயிர் அவ்வெழுத்தில் தங்கியிருக்கிறது.